ஒரே பெட்டிக்குள் நாலு சர்வர்

விர்ச்சுவலைசேஷன் என்றதும் ஏதோ 2000-க்கு அப்புறம் முளைத்த சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு அறுபது வயதை ஒட்டி ஆகிறது. நம் சீனியர்களிலேயே மூத்த செட்டு பஞ்ச் கார்டு சுமந்த காலத்துச் சரக்கு அது.

1964-ல் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தது. அங்கே ராபர்ட் கிரீஸி தலைமையில் ஒரு சின்னக் குழு, சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரத்தைக் கொஞ்சம் மாற்றியமைத்து சி.பி.-40 என்ற புரோகிராமை எழுதியது. 1967 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. ஒரே சமயத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் 256 கே மெமரி. அசல் பெட்டியில் இருந்த மொத்த மெமரியே அவ்வளவுதான் என்பதுதான் வேடிக்கை! 1972-ல் இதே யோசனை வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இயந்திரம் யானை விலை விற்ற காலம், பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும்.

பிறகு பி.சி. வந்தது. விலை மலிந்ததும் பங்கு போடும் பேச்சே அடங்கிப் போயிற்று.

பி.சி.யின் சிப்பில் இந்த வித்தை பலிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூனியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். 1974-ல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு நிபந்தனை சொன்னார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடுகிற எந்தக் கட்டளையையும் சாதாரண புரோகிராம் கொடுத்தால், சிப் அதை உடனே நிறுத்தி மேற்பார்வைக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். இன்டெல்லின் பென்டியத்தில் 17 கட்டளைகள் இதற்கு அடங்கவில்லை. உதாரணத்துக்கு பாப்-எஃப்: இன்டரப்டை நிறுத்து என்று அதன் மூலம் சொன்னால், உரிமை இல்லாத இடத்தில் மறுக்கவும் மறுக்காது, செய்யவும் செய்யாது, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். மேற்பார்வைக்காரனுக்கோ தகவலே வராது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் ஸ்டான்ஃபோர்டுகாரர்கள். மெண்டல் ரோசன்ப்ளம் குழுவின் 1997 'டிஸ்கோ' ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1998-ல் வி.எம்.வேர் பிறந்தது. வில்லங்கமான கட்டளைகளை ஓடும்போதே பிடித்து, வேறு கட்டளைகளாக மாற்றி எழுதினார்கள். 1999-ல் மேஜைக்கு, 2001-ல் சர்வருக்கு. 2003-ல் இங்கிலாந்து கேம்பிரிட்ஜிலிருந்து ஸென் வந்தது. 2005-ல் இன்டெல்லும் 2006-ல் ஏ.எம்.டி.யும் சிப்பையே திருத்தினார்கள். 2007-ல் கே.வி.எம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அதோடு பெரிய கம்பெனிச் சொத்தாக இருந்தது சின்னக் கம்பெனிக்கும் எட்டியது.

சின்னக் கம்பெனிக்கு இதனால் என்ன லாபம்? கோவைப் பக்கம் நான் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு பம்ப் கம்பெனியையே சொல்கிறேன். கணக்குக்கு ஒரு சர்வர், மெயிலுக்கு ஒன்று, டிராயிங் ஃபைல்களுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று. நாலும் பெரும்பாலான நேரம் சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தன. சும்மா ஓடினாலும் கரண்ட் தின்னும், ஏ.சி. கேட்கும். 2012 மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு நாலு சர்வருக்கு யு.பி.எஸ். பேட்டரி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலையும் ஒரே நல்ல பெட்டிக்குள் போட்டோம்.

ஆனால் பெரிய லாபம் கரண்ட் பில்லில் இல்லை என்பது என் அபிப்பிராயம். வருகைப் பதிவு சாஃப்ட்வேர் விண்டோஸ் சர்வர் 2003-ல்தான் ஓடும். எழுதியவர் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பழைய பெட்டியின் போர்டு போயிருந்தால் மாற்று கிடைத்திருக்காது. இப்போது அந்த சர்வர் முழுவதுமே சில ஃபைல்கள்தான். வேறொரு பெட்டியில் காப்பி செய்து ஆன் பண்ணினால் எழுந்துவிடும். (2003-க்கு 2015 ஜூலையோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றுவிட்டது. மெய்நிகராக்கினால் அந்த ஓட்டை அடைபடாது. ஆகவே அதை இன்டர்நெட் பக்கமே விடவில்லை.)

முதலாளியிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிட வேண்டும்: ஒரு பெட்டி படுத்தால் நாலும் படுக்கும். "நாலு பெட்டி செலவு மிச்சம்னு சொன்னீங்களே தம்பி, இப்ப இன்னொண்ணு கேக்கறீங்க?" என்றார் அவர். இரண்டாவது பெட்டியும், வெளியே தனியாக ஒரு பேக்கப்பும் இல்லாமல் நான் இந்த வேலையைத் தொடமாட்டேன். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அதே டிஸ்க்கில்தானே கிடக்கிறது!

2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். பம்ப் கம்பெனிக்கு அது கட்டுப்படியாகவில்லை. கே.வி.எம். மேல் ஓடும், வியன்னாவில் உருவான பிராக்ஸ்மாக்ஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலையும் மாற்றினோம். மூன்று சாயங்காலத்துக்குள் எழுந்துவிட்டன; 2003 மட்டும் டிஸ்க் டிரைவர் இல்லாமல் ராத்திரி வரை இழுத்தது. திங்கள் காலை ஷிப்டுக்கு வருகை ஒழுங்காகப் பதிவானது.