‘செக்’: ஒரு சொல்லின் ஸனது

தமிழ் மக்களின் அன்றாடப் பேச்சில் ஊறிவிட்ட ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் ‘செக்’ என்பதும் ஒன்று. பேருந்தில் பயணச் சீட்டைப் பார்க்க ஏறுபவரைச் ‘செக்கர்’ என்கிறோம். எல்லையில் வண்டியை மறிக்குமிடம் ‘செக் போஸ்ட்’. மருத்துவரிடம் உடம்பைக் காட்டி வருவது ‘செக்கப்’. கடன்பட்டவர் நீட்டும் வங்கித் தாளும் ‘செக்’. ஒருவருடைய போக்கை இன்னொருவர் தந்திரமாக மறித்துவிட்டால், ‘நன்றாகச் செக் வைத்தான்’ என்று சொல்கிறோம். சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்த சிறுவன் ‘செக்’ என்று கூவுகிறான். நாம் உடுத்தும் கைலியில் கட்டம் போட்டிருந்தால், துணிக்கடைக்காரர் அதையும் ‘செக்’ என்றே எடுத்துக் காட்டுகிறார்.

மறிப்பது, சோதிப்பது, பணம் கொடுப்பது, கட்டம் போடுவது ஆகிய இவை ஒன்றோடொன்று ஒட்டாத செயல்கள். இத்தனையையும் ஒரே சொல் எவ்வாறு தாங்கி நிற்கிறது? இதை ஆராய்வது இன்பம் தரும் முயற்சியே. எனினும் நாம் இதை எழுதப் புகுந்ததற்கு இன்பம் மட்டுமே காரணமன்று. தீர்க்க வேண்டிய கடன் ஒன்றும் நமக்கு இருக்கிறது.

நாம் சொன்ன பிழை

பல ஆண்டுகளுக்கு முன், மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பற்றிய ஹதீஸ் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தோம். அதில் ‘ஸக்கு’ என்னும் அரபுச் சொல் வந்தது. எழுத்து மூலமான பற்றுச் சீட்டு, உறுதிச் சீட்டு என்று பொருள் சொன்னோம். உடனே மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், பேங்கில் தருகிறார்களே, அந்தச் செக்கும் இதுவும் ஒன்றுதானா?” என்று கேட்டார். எங்கோ ஒரு கட்டுரையில் அவ்வாறு படித்த நினைவு நமக்கு இருந்தது. “ஆம், ஐரோப்பியர் நம்மிடமிருந்து பெற்ற சொல்தான் அது” என்று விடையளித்துவிட்டோம். அத்தோடு நில்லாமல், பின்னர் மேடைகளிலும் அதைச் சொன்னோம். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், அவர்கள் மகிழ்ந்ததைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம்.

அந்த மாணவர் பிற்காலத்தில் தாமே ஆசிரியரானார். ஒரு நாள் நம்மைக் காண வந்தவர், தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார்: “ஹஜ்ரத், தாங்கள் சொன்னதை என் மாணவர்களுக்கு நானும் சொன்னேன். ஒருவன் ஆங்கில அகராதியைக் கொண்டுவந்து விரித்து வைத்தான். அதில் அப்படி இல்லை. இதற்கு ஸனது என்ன என்று கேட்கிறான். என்னிடம் விடையில்லை.”

நம்மிடமும் இல்லை. ஹதீஸ் ஒன்றைக் கேட்டால் அறிவிப்பாளர் தொடரைத் தேடு என்று வாழ்நாளெல்லாம் கற்பித்த நாம், ஒரு சொல்லின் தொடரைத் தேடாமல் விட்டிருந்தோம். அன்றிலிருந்து தேடியதன் விளைவே இக்கட்டுரை.

அரசனிலிருந்து தொடங்கும் தொடர்

ஆங்கிலச் ‘செக்’கின் தொடர் அறுபடாதது. அது சதுரங்கப் பலகையில் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையே சதுரங்கம். இந்திய நாட்டில் இப்பெயர் பெற்ற ஆட்டம் பாரசீகம் சென்று ‘சத்ரங்க்’ ஆயிற்று. அரபுகள் அதனை ‘ஷத்ரஞ்ச்’ என்றார்கள். ‘ச்ச’ என்னும் வல்லொலியும் ‘க’கரத்தின் மெல்லொலியும் அரபு நெடுங்கணக்கில் இல்லை; ஆகவே முன்னது ஷீனாகவும் பின்னது ஜீமாகவும் மாறின. அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் இவ்வாட்டம் ஒரு கலையாகவே வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் கலீஃபாக்களின் அவையில் இடம் பெற்றவருமான அபூபக்ர் அஸ்ஸூலீ இதைப் பற்றி நூலே எழுதினார். இதை ஆடலாமா, ஆகாதா என்பது பற்றி இமாம்கள் கூறியிருப்பவை தனி விஷயம்; இங்கே நமக்கு வேண்டியது சொல்லின் வரலாறு மட்டுமே.

எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது, ஆடுபவர் ‘ஷாஹ்’ என்று கூறி எச்சரிப்பது வழக்கம். ஷாஹ் என்பது அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல். பழம் பாரசீகக் கல்வெட்டுகளில் காணப்படும் அதன் மூல வடிவம், வடமொழியின் ‘க்ஷத்திரியர்’ என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. ஆட்டம் ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளின் வழியாக ஐரோப்பாவில் புகுந்தபோது இவ்வெச்சரிக்கைக் குரலும் உடன் சென்றது. ஷாஹ் என்பதன் இறுதி ஹகரம் லத்தீனில் ககரமாக வலித்து ‘ஸ்காக்குஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் தேய்ந்து ‘செக்’ ஆயிற்று. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததே ‘செஸ்’ என்னும் ஆட்டப் பெயர். ஆகவே செக்கும் செஸ்ஸும் உடன்பிறப்புகள். ஜெர்மானியரின் ‘ஷாஹ்’, இத்தாலியரின் ‘ஸ்காக்கி’, ருஷ்யரின் ‘ஷாஹ்மாத்தி’ ஆகியனவும் இக்குடும்பத்தினவே. ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியரும் மட்டும் ‘ஷத்ரஞ்ச்’ என்னும் பெயரையே தத்தம் நாவிற்கேற்பத் திரித்து வைத்துக் கொண்டார்கள்.

‘செக்மேட்’ என்பதில் உள்ள ‘மேட்’ பற்றி இரு கருத்துகள் உண்டு. அரபு கற்றோர் இதை ‘மாத்த’, அதாவது இறந்தான், என்னும் வினையாகக் கொள்வர். செயலற்றுத் திகைத்து நிற்பதைக் குறிக்கும் ‘மாத்’ என்னும் பாரசீகச் சொல் என்பது மற்றொரு சாராரின் கருத்து. ஆட்டத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை, போக்கிடமின்றி நிற்கிறான், அவ்வளவே. எனவே இரண்டாவது கருத்தே ஆட்டத்தின் இயல்போடு ஒத்துப் போவதாக நமக்குத் தோன்றுகிறது.

அரசனுக்குச் செக் வந்துவிட்டால், ஆடுபவர் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டு அவனைக் காக்க வேண்டும். இதிலிருந்தே தடுத்தல், நிறுத்துதல் என்னும் பொருள்கள் பிறந்தன. தவறு நேராமல் தடுப்பதற்குக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் சரிபார்த்தல், சோதித்தல் என்னும் பொருள்கள் பின்னர்ச் சேர்ந்தன. செக் போஸ்ட்டும் செக்கப்பும் இவ்வழியில் வந்தவை. ‘செக் வைத்தான்’ என்று நம் ஊரார் பேசுகிறார்களே, அதுவே எல்லாவற்றினும் பழைய பொருளுக்கு அணித்தானது.

கட்டம் போட்ட மேசை

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். பலகையைப் போலக் கட்டங்கள் உள்ள துணியும் இப்பெயரின் வழியாகவே ‘செக்’ ஆயிற்று. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய பளையகாட் கைலியும், மேல்நாடுகளில் சென்னையின் பெயராலேயே வழங்கும் கட்டத் துணியும் இவ்வகையில் பாரசீக அரசனின் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

இதனினும் வியப்பானது இங்கிலாந்தின் கருவூலக் கதை. 12ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசின் வருவாய்க் கணக்கு ஒரு பெரிய மேசையைச் சுற்றித் தீர்க்கப்பட்டது. 1170களின் பிற்பகுதியில் கருவூல அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பார், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் ஒரு லத்தீன் நூலை எழுதி வைத்திருக்கிறார். மேசையின் நீளம் ஏறத்தாழ 10 அடி, அகலம் 5 அடி. அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணியை விரிப்பார்கள். பென்னி, ஷில்லிங், பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று நிரல்கள் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தந்த நிரலில் காய்களை வைத்தும் எடுத்தும் கணக்கிடுவார்கள். எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டு தெளியத்தக்க முறை அது. சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் அந்த மேசைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது என அந்நூல் கூறுகிறது. பலகையின் இருபுறமும் படைகள் மோதுவது போலவே, மேசையின் இருபுறமும் கருவூலத்தாரும், மாவட்ட வரி தண்டும் ஷெரீப்பும் கணக்கில் மோதினார்கள் என்று இன்னொரு காரணமும் அதில் சொல்லப்படுகிறது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றளவும் அந்த மேசையின் பெயராலேயே அழைக்கப்படுகிறார்.

இனி வங்கித் தாளுக்கு வருவோம். லண்டன் பொற்கொல்லர்களும் பணத் தரகர்களும் மக்களின் பணத்தை வைத்துக் காத்த காலத்தில், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று சீட்டெழுதும் வழக்கம் தோன்றியது. 1659ஆம் ஆண்டுத் தேதியிட்ட 400 பவுன் சீட்டு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. தாள் அப்போதே இருந்தது. ‘செக்’ என்னும் பெயர்தான் அதற்கு இன்னும் வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுப்பதற்காகச் சீட்டின் ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக் கொள்ளும் முறை பரவியது. ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவிய அந்த அடிக்கட்டையே முதலில் ‘செக்’ எனப்பட்டது. நாளடைவில் பெயர் அடிக்கட்டையை விட்டுத் தாளுக்குத் தாவியது. எக்ஸ்செக்கர் என்பதன் சாயலால் பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டும் மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்துகளையே வைத்துக் கொண்டனர்.

ஸக்கின் வரலாறு

அப்படியானால் ஸக்கு என்பது என்ன? அதுவும் பெருமை வாய்ந்த வரலாறு உடையதே. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முஅத்தா’வில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. மதீனாவில் மர்வான் ஆட்சி செலுத்திய காலத்தில், ஜார் துறைமுகத்துத் தானியத்தைப் பெறுவதற்காக மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருவதற்கு முன்பே மக்கள் சீட்டுகளை விற்கவும் வாங்கவும் தலைப்பட்டார்கள். ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களும் இன்னொரு ஸஹாபியும் ஆட்சியாளரிடமே சென்று, இது வட்டியை ஆகுமாக்குவதாகும் என்று கண்டித்தார்கள். மர்வான் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைத் திரும்பப் பெற்று உரியவர்களிடம் சேர்த்தார். அந்தச் சீட்டுகளின் பெயரே ‘ஸுகூக்’. ஸக்கு என்பதன் பன்மை. 10ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தைப் பற்றி எழுதிய பயணியார் இப்னு ஹவ்கல், வணிகர் ஒருவர் மீதிருந்த 42,000 தீனார் கடனுக்கான ஸக்கைத் தாமே கண்டதாகக் குறிப்பிடுகிறார். பாலைவனத்தின் இரு கரைகளிலும் எழுத்துக்கு இருந்த மதிப்பை இது காட்டுகிறது.

ஆயினும் இந்த ஸக்கிற்கும் ஆங்கிலச் செக்கிற்கும் இடையே தொடர் இல்லை. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால் அது ‘முன்கதிஃ’, அதாவது இடையறுந்தது. மூன்று இடங்களில் அது அறுகிறது.

முதலாவது, எழுத்து. ஸாது என்னும் எழுத்து ஐரோப்பிய மொழிகளில் ஸகர ஒலியாகவே ஒலித்தது. ‘ஸிஃப்ர்’ என்பதிலிருந்து ‘சைஃபர்’, ‘ஸீரோ’ என்பன வந்ததே அதற்குச் சான்று. இரண்டாவது, இடம். அரபுச் சொற்கள் ஐரோப்பாவில் நுழைந்த வாயில்கள் ஸ்பெயினும் இத்தாலியுமே. ஸக்கு அவ்வழியே சென்றிருந்தால் அங்கே அதன் பழைய வடிவம் இருந்திருக்க வேண்டும். ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்று வழங்கும் சொல்லோ ஆங்கிலத்திலிருந்து பெற்றது. பிரான்சில் காசோலைக்கான முதற்சட்டம் வந்ததே 1865இல்தான். மூன்றாவது, அரபு மக்களின் பேச்சு. அவர்கள் வங்கித் தாளை இன்று ‘ஷீக்’ என்று வழங்குகிறார்கள். அது மேனாட்டிலிருந்து வந்த சொல். தன் வயிற்றுப் பிள்ளையாயிருந்தால் தாய்க்கு அடையாளம் தெரியாமற் போகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸக்கு என்பதே பாரசீகத்தின் ‘சக்’ என்பதிலிருந்து அரபுக்கு வந்தது என்பர். பாரசீகத்தின் சகரம் ஸாதாக மாறுவது அரபில் வழக்கமே. சீனம் ‘ஸீன்’ ஆயிற்று. நம் நாட்டுச் சந்தனம் பாரசீக வழியே சென்று ‘ஸந்தல்’ ஆயிற்று. எனவே நாம் நம்முடையது என்று மார்தட்டிய சொல்லும் கைமாறி வந்த பொருளே.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பினால் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு, மேலே கண்ட ‘ஷெரீப்’ ஒன்றே போதும். அதை அரபின் ‘ஷரீஃப்’ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது ‘மாவட்டக் காரியக்காரர்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலக் கூட்டுச் சொல்லின் தேய்வு.

நமக்கு என்ன நட்டம்?

ஒன்றுமில்லை. ஐரோப்பியர் அரபிலிருந்து பெற்ற சொற்களுக்குப் பஞ்சமா? விலைப் பட்டியலைக் குறிக்கும் ‘டாரிஃப்’ அரபின் தஅரீஃப். ‘அட்மிரல்’ என்பதில் அமீர் இருக்கிறார். இதழ்களைக் குறிக்கும் ‘மேகஸின்’, பண்டசாலை என்று பொருள்படும் மக்ஸன் என்பதன் வழிவந்தது. 1731இல் லண்டனில் தொடங்கிய ஓர் இதழ் அப்பெயரைச் சூட்டிக்கொண்ட பிறகே இதழ்களுக்கு அது பொதுப்பெயராயிற்று. தமிழ் வணிகர் நாவில் வழங்கும் வசூல், பாக்கி, அசல், ஜாமீன், ஜப்தி யாவும் அரபு மூலம் உடையவை. இவற்றுக்கெல்லாம் ஸனது உண்டு. ஸனது உள்ள செல்வம் இத்தனை இருக்க, இல்லாத ஒன்றைக் கூட்டிச் சொல்வதால், உள்ளவற்றின் மீதும் ஐயம் விழச் செய்கிறோம். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் கட்டளையிடப்பட்டவர்கள் நாம். நமக்கு இனிக்கும் செய்திக்கு அதில் விலக்கு எதுவும் தரப்படவில்லை.

ஆங்கிலச் செக்கின் உண்மை வரலாறும் நாம் வெட்கப்படத்தக்கதன்று. இந்தியர் ஆட்டத்தைத் தந்தார்கள்; பாரசீகர் அரசனின் பெயரைத் தந்தார்கள்; அரபுகள் அதைக் கற்று வளர்த்துக் கடல் கடந்து கொண்டு சேர்த்தார்கள்; பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்குப் புதுப் பொருள்களைப் பூட்டினார்கள். தமிழரோ அத்தாளுக்குக் ‘காசோலை’ என்று தமக்கே உரிய அழகிய பெயரைச் சூட்டிக் கொண்டார்கள். நம்பி ஒப்படைத்த பொருளைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதும் ஒரு பெருமையே.

அந்த மாணவருக்கு நம் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினோம். அடுத்த ஆண்டு அதே ஹதீஸ் பாடம் வந்தபோது, கரும்பலகையில் இரண்டு தொடர்களை எழுதினோம். ஒன்று ஷாஹிலிருந்து செக் வரை இடைவெளியின்றிச் சென்றது. மற்றொன்றில் ஸக்கு என்று எழுதி, பக்கத்தை வெறுமையாக விட்டோம். “ஹஜ்ரத், இங்கே ஏன் ஒன்றும் எழுதவில்லை?” என்று ஒரு மாணவர் கேட்டார். “தெரிந்தால் எழுதலாம், தெரியாததை எழுதி ஒரு முறை கடன்பட்டுவிட்டோம்” என்றோம்.