காற்றில் போகும் பேச்சு: கொத்மலை, கோத்தகிரி வானொலிகள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

வரலாற்று வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும்: "இது நமக்கு எப்படித் தெரிந்தது?" கல்வெட்டு, செப்பேடு, ஓலை, நாணயம் என்று மளமளவென்று பதில் வரும். "சரி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு நம் காலத்தில் கிடைத்த நல்ல பதில்களில் ஒன்று, மலையூர்களில் நடக்கும் சின்னச் சின்ன சமுதாய வானொலிகள். அவற்றின் பழைய ஒலிபரப்புகள் என்ன ஆகின்றன என்பதுதான் இன்றைய விஷயம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரேடியோ என்றால் இரண்டு நிலையங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலி. இன்னொன்று இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொன்னாலே பலருக்கு முகம் மலரும். வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. வானொலி விவசாயியை எவ்வளவு தூரம் தொட்டது என்பதற்குத் தஞ்சாவூர்க்காரர்கள் ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை ரேடியோவில் கேட்டுத்தான் பயிரிட்டார்கள் என்பதால் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்தது.

ஆனால் அந்த வானொலியெல்லாம் ஒருவழிப் பாதை. அவர்கள் பேசினார்கள், நாம் கேட்டோம். இராசிபுரத்து நெசவாளியோ, சேந்தமங்கலத்துக் களை எடுக்கும் அம்மாவோ தன் பேச்சு வழக்கில் அரை மணி நேரம் பேச அங்கே இடமில்லை. சமுதாய வானொலி என்பது இதைத் திருப்பிப் போட்ட ஏற்பாடு. ஊர்க்காரர்களே பேசுவார்கள், ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

இதற்கு நல்ல முன்னோடி இலங்கையின் மலைநாட்டில் இருக்கிறது. 1981இல் மகாவலி நதித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட மக்களுக்காக, யுனெஸ்கோ, டென்மார்க் அரசு ஆகியவற்றின் உதவியுடன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலி சமுதாய வானொலியைத் தொடங்கியது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கிராமத்துக்குப் போய் சில வாரங்கள் அங்கேயே தங்குவார்கள். ஜனங்களோடு பழகி, அவர்களின் பேச்சையும் பாட்டையும் சண்டையையும் சமாதானத்தையும் பதிவு செய்வார்கள். இந்த வழியில் வந்ததுதான் 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி.

கொத்மலை, நுவரெலியா மாவட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே கட்டிய அணையால் பல குடும்பங்கள் ஊரை இழந்தன. அப்படிப்பட்ட இடத்தில் சிங்களத்தோடு தமிழிலும் இந்தச் சிறு நிலையம் பேசியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ துணையோடு இன்னொரு புதுமை செய்தார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மக்கள் மொழியில் விளக்கம் சொல்வார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைத்தார்கள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவரும் ரேடியோ வழியாக இணையத்தைப் பயன்படுத்தினார். உலகம் முழுவதும் இதைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நேயர் கேட்ட கேள்வி, அவர் குரலில், அவர் தயக்கத்தோடு இருப்பது ஒலிநாடாவில் மட்டும்தான்.

இந்தியாவில் இந்தக் கதவு மெதுவாகத் திறந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2002 முடிவில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி கிடைத்தது. 2008இல் தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் மச்சனூரில், தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ பேச ஆரம்பித்தது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று நீலகிரியில் உள்ள ரேடியோ கோத்தகிரி, 90.4 எஃப்.எம். அந்தப் பகுதிப் பழங்குடி மக்களோடு 1993 முதல் வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்துவது. கோத்தகிரி என்றால் கோத்தர்களின் மலை. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள சின்ன ஊர். சுற்றிலும் கோத்தர், தோடர், இருளர், குறும்பர், படகர் என்று ஆளுக்கொரு மொழி. எழுத்து மரபில் வளராத மொழிகள் இவை. கோத்தரும் தோடரும் எண்ணிக்கையில் சில ஆயிரத்தைத் தாண்ட மாட்டார்கள். பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் குறும்பர்களுக்கு அதற்கென்றே பாட்டுகள் உண்டு. அந்தப் பாட்டுக்குப் புத்தகம் கிடையாது. பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடும். அப்படிப்பட்ட மலையில் அந்த மக்களின் மொழிகளிலும் ஒரு வானொலி பேசுகிறது என்றால், ஒவ்வொரு நாள் ஒலிபரப்பும் ஓர் ஆவணம்.

இதற்கு முன் இந்தக் குரல்களை யாருமே பிடித்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தார்கள். கிரியர்சன் என்ற அதிகாரியின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை நாடு முழுவதும் பல மொழிப் பேச்சுகளைக் கிராமபோன் தட்டில் பதிவு செய்தார்கள். அவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் பெரும்பாலும் பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்கள். மழை வரவில்லை என்று ஒருவர் புலம்புவதோ, மருமகளைப் பற்றி மாமியார் குறை சொல்வதோ அதில் வராது.

இன்னொருவர், எமனோ என்ற மொழியியலாளர். 1930களில் நீலகிரியில் தங்கிக் கோத்த மொழிக் கதைகளைக் கேட்டு எழுதினார். அவருக்குக் கதை சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். கோத்தர்களில் முதலில் ஆங்கிலம் படித்தவர், நம்மைப் போல ஆசிரியரும்கூட. அவர் ஊர்ப் பெயரும் கொல்லிமலைதான். நம் நாமக்கல் கொல்லிமலை அல்ல, நீலகிரியில் உள்ள கோத்தர் கிராமம். அந்த ஒரு மனிதரின் நினைவில் இருந்துதான் பெரிய பெரிய தொகுதிகள் வந்தன. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் யோசியுங்கள். ஒரு சமூகத்தின் கதை முழுவதும் ஒருவர் வாய் வழியாக வந்தால், பெண்கள் சொல்லும் கதை எங்கே? அவரோடு ஒத்துப்போகாதவர் சொல்லும் கதை எங்கே? ஊர் வானொலி இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் பத்து வாய் பேசும், எழுபது வயதும் பேசும், ஏழு வயதும் பேசும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி சமுதாய வானொலி, ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் தெரியுமா? மூன்று மாதம். அவ்வளவுதான். புகார் வந்தால் விசாரிக்க வசதியாக இருக்கும் விதி அது. வரலாற்றை நினைத்து எழுதிய விதியல்ல. நூற்றாண்டுக்கு முந்தைய கிராமபோன் தட்டு பத்திரமாக இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் பேசிய பாட்டியின் பேச்சை வைத்திருக்கச் சட்டத்தில் கட்டாயம் இல்லை.

நிலையங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 100 வாட் சக்தி, சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்குள் எல்லை, விளம்பர வருமானம் சொற்பம், நாலைந்து பேர் சம்பளம். ஒலிநாடாக் காலத்தில் நாடா விலை அதிகம் என்பதால் பெரிய வானொலிகளே பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே பதிந்தன. மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டு காளிதாஸின் பிரதியே நம்மிடம் இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த இழப்பின் வலி புரியும்.

ஆனால் இன்று இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சு, சாதாரண எம்பி3 தரத்தில், சுமார் 30 எம்பி. தினம் எட்டு மணி நேரம் ஒலிபரப்பினாலும் ஓராண்டுக்கு 90 ஜிபிக்குள் அடங்கும். ஒரு 128 ஜிபி பென்டிரைவ் போதும். உண்மையான வேலை வேறு. யார் பேசியது, எந்த ஊர், எந்தத் தேதி, எதைப் பற்றி என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த நான்கு வரி இல்லாவிட்டால் ஆயிரம் மணி நேரப் பதிவும் விலாசம் இல்லாத கடிதம் மாதிரிதான்.

"மலைக்காரர்கள் விஷயம், சமவெளியில் இருக்கும் நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் திருச்சி, மதுரையோடு நம் சேலம் ஜில்லாவும் உண்டு. நாமக்கல் அப்போது அதற்குள் இருந்தது. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அவர்களைக் கேட்டுச் செய்த கணக்கல்ல இது. திரும்பி வந்தவர்களில் பலர் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் டான்டீ தோட்டங்கள் வந்தன.

ஆகவே கொத்மலை வானொலியில் பேசிய ஒரு தோட்டத் தொழிலாளியும், கோத்தகிரிச் சரிவில் கொழுந்து கிள்ளும் ஒரு பாட்டியும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். அந்தத் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்தில் இருந்தோ நாமக்கல் பக்கத்தில் இருந்தோ போயிருக்கலாம். நம் ஊரில் வழக்கொழிந்த சொல் ஒன்று அங்கே யார் நாக்கிலோ உயிரோடு இருக்கலாம். கப்பல் ஏறிய நாள், ராமானுஜம் கப்பலில் திரும்பி வந்த நாள், மண்டபம் முகாமில் கழித்த இரவு ஆகியவற்றை ஒப்பந்தத்தின் ஷரத்துகளில் தேடிப் பயனில்லை. அவர்கள் வாயைத் திறந்து பேசினால்தான் உண்டு. பேசியதை வைத்திருந்தால்தான் உண்டு.

உங்களில் பலர் ஐ.டி. வேலையில் இருக்கிறீர்கள், சிலர் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறீர்கள். ஒரு வாத்தியாரின் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் சமுதாய வானொலி இருந்தால் போய்ப் பாருங்கள். பழைய பதிவுகளுக்குப் பெயர் எழுதி, நகல் எடுத்துத் தர ஒரு விடுமுறை நாளைக் கொடுங்கள். உள்ளூர்க் கல்லூரி நூலகத்தில் ஒரு நகல் இருக்கட்டும். பேசியவரிடம் அனுமதி கேட்க மறக்காதீர்கள், ஏனென்றால் குரல் அவருடையது. இலங்கையில் இருந்து வந்த சொந்தக்காரர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்தப் பொங்கலுக்குள் கைபேசியை எதிரில் வைத்து அவரைப் பேச விடுங்கள். இடையில் திருத்தாதீர்கள். முதல் வரியில் தேதியையும் ஊரையும் பெயரையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள்.

பதிந்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மார்க் நான் போடுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.