புல்லுக்கு மூணு வருசம்

தெஃப்ட், ராபரி, டெக்காய்ட்டி என்று 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் களவுக்குத்தான் எத்தனை பேர்! அஞ்சு பேர் சேர்ந்து கொள்ளையடித்தால் டெக்காய்ட்டி. இந்தியிலிருந்து எடுத்த சொல். நிலத்தைத் திருடுவதற்கு என்ன சொல் என்று தேடினேன். இல்லை. மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை எதுவும் திருட்டுப்பொருளே ஆகாது என்கிறது 378ஆம் பிரிவு. அறுத்தால்தான் திருட்டாம். ஆண்டை வரப்பில் நம்ம பொம்பளைங்க அறுத்த ஒரு கட்டுப் புல் தெஃப்ட்: மூணு வருசம்வரை ஜெயில். 1892க்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்குள் புகுந்து வளைத்துப்போட்டவன் செய்தது, மிஞ்சிப்போனால் ட்ரெஸ்பாஸ்: மூணு மாசம். அதையும் எந்த ஸ்டேஷன்ல எழுதினான்? தலித் நிலத்தில் அத்துமீறிக் குடியேறுவதை, உழுவதை 1989இன் வன்கொடுமைச் சட்டம்தான் தனிக் குற்றமாக்கியது. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 378 இப்போது 303. மண் பற்றிய அந்த விளக்கம் அப்படியே கூட வந்திருக்கிறது.