கிருபையின் பல்லவி: வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள்

சிற்றிலக்கிய வகுப்பில் குற்றாலக் குறவஞ்சியை நடத்தும்போது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியையும் (1800) சேர்த்துச் சொல்வது என் வழக்கம். ‘உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி மையலுறுவது கிறித்தவத்துக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று எவரேனும் ஒரு மாணவர் கேட்பார். அதற்கு விடை சொல்லப் புகுந்தால் தமிழ்க் கிறித்தவ இசையின் வரலாற்றுக்குள் சற்றுச் சென்றுவர வேண்டியிருக்கிறது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் போதகர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அவற்றின் ஐரோப்பிய மெட்டுகளிலேயே பாடச் செய்தனர். ஞானப்பாட்டுகள் எனப்படும் அவை இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஆயினும் அயல் மெட்டுக்கு இசையத் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில்கள் சில இடங்களில் பிறழ்வதைக் கேட்போர் உணரலாம்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகத்தை, சிறுவயதிலேயே போதகர் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸிடம் கல்வி பெற்றவரே. இசை செழித்திருந்த அந்நகரில் வளர்ந்த சாஸ்திரியார், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை வடிவில் கிறித்தவப் பாடல்களை இயற்றினார்.

கிருபை என்னும் கருத்துக்கு இவ்வடிவம் நன்கு பொருந்துகிறது. கிறித்தவக் கோட்பாட்டில் கிருபை என்பது தகுதி பாராமல் தரப்படுவது. மனிதன் தன் முயற்சியால் புதியவனாவதில்லை, புதியவனாக்கப்படுகிறான். கீர்த்தனையின் சரணங்கள் மனிதனின் குற்றத்தையும் கலக்கத்தையும் அடுக்கிச் சொல்லலாம். அவை எவ்வளவு தொலைவு சென்றாலும், பாடுபவர் இறைவனை விளிக்கும் பல்லவிக்கே திரும்பியாக வேண்டும். இடையில் பாடிய சரணத்தின் பாரத்தால், திரும்ப வரும் அதே சொல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒலிக்கிறது.

குறவஞ்சியிலும் தலைவி தேவமோகினி தன் செயலால் தலைவனை அடைவதில்லை, ஏங்கிக் காத்திருக்கிறாள். நற்செய்தி வெளியிலிருந்து, குறத்தியின் வாய்மொழியாக வருகிறது. அக்குறத்தியை விசுவாசத்தின் உருவமாகப் படைத்தார் சாஸ்திரியார். மாணவரின் கேள்விக்கு இதுவே விடை. தகுதியற்றவனை ஆட்கொள்ளும் அருள், திருவாசகத்தில் தோய்ந்த தமிழ்ச் செவிக்குப் புதிதன்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் பாதி வரலாற்றை மறைத்தவனாவேன். 1820களில் புதிதாக வந்த போதகர்களுக்கும் தஞ்சைச் சபையாருக்கும் இடையே பிணக்கு மூண்டது. சாஸ்திரியார் நான்கு குறைகளை எழுதினார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளை ஒன்றாக்க வற்புறுத்துகிறார்கள், விழாக்களில் பூக்களை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள். தமிழிசைக்கான உரிமைக்குரலும் சாதிக்கான வக்காலத்தும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. வேளாளரான அவர், தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்து அமரும் வழக்கத்தை ஆதரித்தார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாட்டைக் கைவிட ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகினர்.

தகுதி பாராத கிருபையை வாழ்நாளெல்லாம் பாடியவர், அக்கிருபையைப் பெற்ற இன்னொருவரோடு சேர்ந்து அமர ஏன் இசையவில்லை? காலத்தின் குறை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை. அதே காலத்தில், அதே வேதத்தைக் காட்டி, சேர்ந்து அமருங்கள் என்ற குரலும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் பாடல்கள் அவரோடு நின்றுவிடவில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுள் பெரும்பகுதி சாஸ்திரியாருடையவை. 1847இலேயே சாதியைக் கைவிடுவதைச் சபை உறுப்பினருக்கு நிபந்தனையாக்கியிருந்த மிஷன் அது. சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். அவர் உடன் அமர விரும்பாதவர்களும் அவருடைய பல்லவிகளைப் பாடத் தொடங்கிவிட்டதை அவர் அறிந்தே இருக்கக்கூடும்.

வகுப்பில் நான் இதுவரை குறவஞ்சியின் அழகை மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். அடுத்த முறை அந்த நான்கு குறைகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிறகு பாட்டைப் பாடச் சொல்ல வேண்டும்.