பேராயர் சலெஸ்கியின் தூதுப்பணியும் தமிழகத் திருச்சபையும்

குற்றால மலைக்கு மேற்கே, கேரளத்தில், அம்மண்ணிற் பிறந்த குருக்கள் மூவர் 1896-ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்க ஆயர்களாயினர். மலைக்குக் கிழக்கே, தென்காசியும் தூத்துக்குடியும் ஒருங்கே அடங்கியிருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில், உள்நாட்டு ஆயர் ஒருவரைக் காண 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்விருபத்தேழு ஆண்டு இடைவெளி எதனால் நேர்ந்தது? இவ்வினாவிற்கு விடை காண்பார்க்குப் பேராயர் லாதிஸ்லாஸ் சலெஸ்கியின் தூதுப்பணி வரலாறு பெரிதும் துணைபுரியும். அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலெஸ்கி 1852-இல் லித்துவேனியாவில், போலந்துக் குடியொன்றிற் பிறந்தார். அந்நாளில் போலந்து தன்னாட்சி இழந்து மூன்று பேரரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டிருந்தது. உரோமையிற் பயின்று திருச்சபையின் தூதுத் துறையிற் புகுந்த இவர், 1886-இல் பேராயர் அலியார்தியின் குழுவினருள் ஒருவராக இந்தியாவிற்கு வந்தார். 1892-இல் தீப்ஸ் நகரின் பட்டப் பேராயராகவும், கிழக்கிந்திய நாடுகளுக்குப் பாப்பரசரின் பேராளராகவும் அமர்த்தப்பெற்றார். இலங்கையிலுள்ள கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1916 வரை அப்பணியை ஆற்றினார்.

ஈண்டுப் பேராளர் என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். அரசுகளிடம் அனுப்பப்படும் பாப்பரசரின் தூதர் வேறு. ஒரு நாட்டின் திருச்சபையை மட்டும் மேற்பார்க்கும் பேராளர் வேறு. இந்தியாவிற்குரிய பேராளர் பதவி 1884-இல் தோன்றியது. இந்திய அரசுடன் முறையான தூதுறவு ஏற்பட்டதோ விடுதலைக்குப் பின், 1948-இல் ஆகும். ஆதலின் சலெஸ்கியின் பணி அரசவையில் நிகழ்ந்த ஒன்றன்று. ஆயர்களுக்கும், துறவற சபைகளுக்கும், உரோமைக்கும் இடையே நிகழ்ந்ததாகும்.

அப்பணி எளியதாக இருக்கவில்லை. போர்த்துகல் மன்னர் பெற்றிருந்த ‘பதுரவாதோ’ என்னும் புரவலர் உரிமை ஒருபால். உரோமையின் விசுவாசப் பரப்புதல் சபையின் ஆட்சி மற்றொருபால். 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கை இப்பிணக்கைத் தணித்ததேயன்றி ஒழிக்கவில்லை. முத்துக்குளித்துறையில் ஒரே ஊரினர் இருவேறு ஆயர்களுக்கு உட்பட்டிருக்கும் நிலை நீடித்தது. இவ்விரட்டை ஆட்சியை நீக்க 1928-இல் மற்றோர் உடன்படிக்கை வேண்டியதாயிற்று.

இச்சூழலில் சலெஸ்கி கண்ட வழி கல்வியே. 1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, இந்தியாவின் மீட்பு இந்திய மக்களாலேயே ஆகவேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தி மடலொன்று விடுத்தார். அதன் பயனாகக் கண்டியை அடுத்த அம்பிட்டியில் பாப்பரசர் குருமடம் எழுந்தது. பெல்ஜிய இயேசு சபையார் அதனை நடத்தினர். 1955-இல் அக்குருமடம் புனே நகருக்கு மாற்றப்பெற்றது. உள்நாட்டுக் குருக்களை உயர்பொறுப்பிற்குத் தகுதியாக்குதல் அதன் குறிக்கோள்.

அக்குறிக்கோளின் பயன் மலைக்கு மேற்கே விரைவில் வாய்த்தது. சிரிய வழிபாட்டுக் கத்தோலிக்கர், தம் இனத்தவரே தமக்கு ஆயராதல் வேண்டுமென நெடுங்காலமாக விண்ணப்பித்து வந்தனர். 1896-இல் திருச்சூர், எர்ணாகுளம், சங்கனாச்சேரி ஆகிய மூன்று ஆட்சிப் பகுதிகள் அமைக்கப்பெற்றன. மேனாச்சேரி, பரேபறம்பில், மாக்கில் ஆகிய மூவரையும் சலெஸ்கியே அவ்வாண்டு அக்டோபர் 25-இல் கண்டியில் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். அம்மூவரும் புதிய குருமடத்தின் மாணாக்கர் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்களைத் தந்தது தனி வழிபாட்டு மரபும் பழங்குருத்துவமும் உடைய ஒரு சமூகத்தின் ஒன்றுபட்ட வேண்டுகோளே.

தமிழகத்தில் அத்தகைய தனி வழிபாட்டு மரபு இல்லை. திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் பிரெஞ்சு இயேசு சபையாரிடமும், புதுச்சேரியும் கோயம்புத்தூரும் பாரிசு வேதபோதக சபையாரிடமும், மயிலாப்பூர் போர்த்துகீசியரிடமும் இருந்தன. சலெஸ்கியின் காலத்திலேயே, 1899-இல், கும்பகோணம் புதிய மறைமாவட்டமாயிற்று. அதன் ஆயரும் ஐரோப்பியரே. பேராளர் அறிவுரை கூறலாம், உரோமைக்கு எழுதலாம். ஒரு சபையிடம் ஒப்படைக்கப்பட்ட நிலப்பகுதியைத் தாமே பிரித்தளிக்க இயலாது. காலத்தாழ்விற்கு இவ்வமைப்பே முதற்காரணம் என்பது எம் துணிபு. 1919-இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் உள்நாட்டுக் குருக்களை உயர்த்துமாறு பணித்த பின்னரே தடை தளர்ந்தது. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்து, திபூர்சியுஸ் ரோச் அதன் முதல் ஆயரானார். அண்மைக்கால வரலாற்றில் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சார்ந்த முதல் இந்திய ஆயர் அவரே. 1916-இல் அந்தியோக்கியாவின் பட்ட முதுபெருந்தந்தையெனும் சிறப்புப் பெற்றிருந்த சலெஸ்கி, 1925-இல் மறையுமுன் இந்நிகழ்ச்சியைக் கண்டார்.

சலெஸ்கியின் திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. கண்டிக் குருமடத்தின் பயிற்றுமொழி இலத்தீன். தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் தமிழிற் பெற்ற பயிற்சி, அத்தமிழ் நிலத்திற் பிறந்த குருவிற்கே வாயாத நிலை இருந்தது. அதனை நிறைவுசெய்யும் வாய்ப்பு, உள்நாட்டு ஆயரின் ஆட்சியில் அமைந்தது. உரோமையிற் பயின்று குருவான யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் தூத்துக்குடி மறைமாவட்டத்திற் சேர்ந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராயிருந்த காலத்திலேயே தமிழை முறையாகக் கற்றார். 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆய்விதழையும், 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தையும் தோற்றுவிப்பதில் அவர் முன்னின்றார்.

தென்காசி வட்டாரம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து 1938-இல் மதுரைக்கும், 1973-இல் பாளையங்கோட்டைக்கும் உரியதாயிற்று. இவ்வெல்லை மாற்றங்களை வெறும் ஆட்சிச் செய்திகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு மக்களின் சமயத் தலைமை எம்மொழியிற் சிந்திக்கும் என்பதை அவை ஓரளவு முடிவு செய்தன. ஆதலின் தூதுப்பணி வரலாறும் தமிழ் இலக்கிய வரலாற்று ஆய்வாளர் கருத்திற் கொள்ளத்தக்கதே.