பில் வேண்டாம் என்ற வாத்தியார்



நேற்று என் பேத்தி செல்போன் வாங்கி வந்தாள். "பில் எங்கம்மா?" என்றேன். "பில் போட்டா ஜிஎஸ்டி வருமாம் தாத்தா, வேணாம்னு சொன்னா ஐந்நூறு குறைச்சாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 1998-இல் நானும் அதையேதான் செய்தேன்.

அந்த வருடம் ராஜபாளையத்தில் ஒரு கடையில் கிரைண்டர் வாங்கினேன். பில் இல்லாமல் எடுத்தால் விலை குறைவு என்றார் கடைக்காரர். சரி என்றேன். மூன்றாம் மாதம் மோட்டார் புகைந்தது. தூக்கிக்கொண்டு போனால், "சார், இது நம்ம கடையில வாங்கினதுதானா?" என்று கேட்டார். வாரண்டி கார்டில் கடை முத்திரைகூட இல்லை. அதே வாரம் வகுப்பில் நான் நடத்திய பாடம் நுகர்வோர் உரிமைகள்! யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

கொஞ்சம் வரலாறு. 15.03.1962 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, தகவல், தேர்ந்தெடுத்தல், குறையைச் சொல்லிக் கேட்கப்படுதல் என நுகர்வோருக்கு நான்கு உரிமைகளை அதில் சொன்னார். அதனால்தான் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை தினம். நம் மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து பிறந்ததும் 1985-இல் இதே மார்ச் 15 தான். மாணவர்களுக்கு மறக்காமல் இருக்க இதைச் சொல்லிக் கொடுப்பேன்.

நம் நாட்டில் அதற்கு முன்பே சட்டங்கள் இருந்தன. 1937-இல் அக்மார்க், 1954-இல் கலப்படத் தடைச் சட்டம், 1956-இல் எடையளவுச் சட்டம். படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தது அதனால்தான். ஆனால் இவற்றில் ஒரு குறை. தப்பு செய்த வியாபாரிக்கு அரசு அபராதம் போடும்; ஏமாந்தவன் கைக்குக் காசு வராது. காசு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு கிரைண்டருக்காக யார் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் அலைவார்கள்?

அந்தக் குறையைத் தீர்த்தது 24.12.1986 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வக்கீல் கட்டாயமில்லை. தொடக்கத்தில் கட்டணமும் இல்லை. நாமே மனு எழுதி, நாமே பேசலாம். பணத்தைத் திரும்பத் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றத்தைப் போலவே நம் நுகர்வோர் மன்றமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரப் பயணத்தைத்தான் நான் போகவில்லை. கையில் காகிதம் இல்லையே, எதைக் காட்டுவது?

சட்டம் பிறகு வளர்ந்தது. 1993-இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. சத்திரப்பட்டியில் ஒருவர் தன் பிழைப்புக்காக ஒரு தறி வாங்கித் தானே ஓட்டினால் அவரும் நுகர்வோர்தான். 'வியாபாரத்துக்கு வாங்கினீர்கள்' என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு, வீடு கட்டித் தரும் அரசு அமைப்பும் பதில் சொல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில். 1995-இல், காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவைதான் என்றது வி.பி. சாந்தா வழக்கில்.

2019-இல் புதிய சட்டம் வந்தது, 20.07.2020 முதல் அமலுக்கு வந்தது. அதைப் படித்தபோது என் கிரைண்டர் ஞாபகம்தான் வந்தது. பில் கொடுக்காமல் இருப்பதே இப்போது 'நேர்மையற்ற வணிக நடைமுறை'. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. முன்பு எதிராளி இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். டெல்லிக் கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கினாலும் அவர்கள்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதே 2019-இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கோ கிண்டியதை ஆண்டாள் ஊர்ப் பெயரில் விற்றால் நம் மாட்டுக்காரருக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் ஏமாற்றம். பெயரும் ஒரு வாக்குறுதிதானே.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. என் கதையில் பாதித் தப்பு என்னுடையது. வரியை மிச்சம் பிடிக்க நினைத்தேன். என் உரிமையைச் சேர்த்து விற்றுவிட்டேன்.

பேத்தியை அழைத்துக்கொண்டு இன்று காலை அந்தக் கடைக்குப் போனேன். ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்துப் பில் கேட்டோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். 27 வருடம் தாமதமாக என் பாடத்தை நானே படித்து முடித்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அச்சு மங்கும் முன் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.