மலையகத் தோட்டங்களும் கருத்தடை மாத்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைக் கலஹாச் சந்தியில் தொடங்கும் வீதி நமது பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து மலையேறிக் கலஹாவை அடைகின்றது. அதற்கப்பால், தெல்தோட்டைப் பக்கத்தில், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை உள்ளது. இப்பகுதியின் தேயிலை வரலாறு பலராலும் எழுதப்பட்டதொன்று. கொழுந்து பறித்த பெண்ணின் உடல்நல வரலாறோ அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அதில் ஒரு சிறு கூறு, கருத்தடை மாத்திரை அவளை வந்தடைந்த விதம்.

1956 இல் கிரெகரி பின்கஸ், ஜோன் றொக் ஆகியோரின் மாத்திரை புவேர்ட்டோ றிக்கோவின் ஏழைப் பெண்களிடையே பரிசோதிக்கப்பட்டது. குமட்டல், தலைச்சுற்று, தலைவலி முதலியவற்றால் 17 வீதமானோர் துன்புற்றதாக அங்கு பணியாற்றிய மருத்துவர் எட்ரிஸ் றைஸ்-றே அறிவித்தார். ஆயினும் அம்முறைப்பாடுகள் பெரிதாகக் கொள்ளப்படவில்லை. 1960 இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற 'எனோவிட்' மாத்திரையில் ஈஸ்திரோஜன் வகைப் பொருள் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று பெரும்பாலான கூட்டு மாத்திரைகளில் அது 20 முதல் 35 மைக்ரோகிராம் வரையே. அப்பெண்கள் கூறியது உண்மையே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இலங்கையில் 1953 இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டிலும் மாத்திரை பரிசோதிக்கப்பட்டது. அப்பணியில் முன்னின்றவர் மருத்துவர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண்மணி. இதற்கு முன்னரே, 1958 இல், சுவீடன் அரசின் உதவியுடன் தொடங்கப்பெற்ற முன்னோடித் திட்டம் பண்டாரகமைக் கிராமப் பகுதியையும் டயகம தேயிலைத் தோட்டப் பகுதியையும் தெரிந்துகொண்டது. மாத்திரை அப்போது கருத்தடைக்கென விற்பனைக்கு வந்திருக்கவில்லை. 1965 இல் குடும்பத் திட்டமிடலை அரசு தன் பணியாக ஏற்றது. 1970களின் நடுப்பகுதியில் 'மிதுரி' என்ற பெயருடன் மாத்திரை கடைகளுக்கு வந்தது. சிங்களத்தில் அச்சொல்லுக்குத் தோழி என்பது பொருள்.

எனினும் தோட்டங்களில் மேலோங்கியது இத்தோழியன்று. நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சையே. 1980 முதல் அதனைச் செய்துகொண்டோருக்கு அரசு பணமும் வழங்கியது. இதன் காரணம் ஆராயத்தக்கது. சத்திரசிகிச்சை ஒரு நாளில் முடிவது. நிருவாகம் எண்ணிக் கணக்கிடக்கூடியது. மாத்திரையோ பெண்ணின் கையில் இருப்பது, விரும்பியபோது நிறுத்தத்தக்கது, ஆனால் நாள்தோறும் அவளது அறிவை வேண்டி நிற்பது. அவ்வறிவை அவள் மொழியில் அவளுக்குத் தரும் பொறுமை பலரிடம் இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அவ்வறிவு கடினமானதன்று. மாதவிடாய் தொடங்கி ஐந்து நாள்களுக்குள் மாத்திரையை ஆரம்பித்தால் பாதுகாப்பு உடனே கிட்டும். விடிகாலைப் பிரட்டுக்கு ஓடுபவள் இரவுணவோடு அதனை இணைத்துக்கொள்வது எளிது. ஒன்று தவறினால், நினைவு வந்ததும் உட்கொண்டு வழமைபோல் தொடரலாம்; இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால் ஏழு நாள்களுக்கு ஆணுறையும் வேண்டும். சிறிதும் தவறாது உட்கொள்ளும் ஆயிரம் பெண்களில் ஏறத்தாழ மூவரே ஓராண்டில் கருத்தரிப்பர். நடைமுறையில் அது நூற்றுக்கு ஏழு வரை உயர்கின்றது. மாதவிடாய்க் குருதிப்போக்கு குறைவதால் இரத்தச்சோகை உடையோருக்கு நன்மையும் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. உயர் குருதியமுக்கம், முன்பு குருதி உறைந்து நாளம் அடைபட்ட வரலாறு, கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைத்தல் ஆகியன தடைகள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேறு முறையே ஏற்றது. காசநோய்க்கான றிபாம்பிசின் மாத்திரையின் பயனைக் குறைத்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றின், மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

28 மாத்திரை கொண்ட அட்டையின் இறுதி ஏழில் ஓமோன் இல்லை. சிலவற்றில் இரும்புச்சத்து இருக்கும். அவ்வேழு தவறினால் கேடில்லை. எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்கத் தாமதிப்பதே கருத்தரிப்புக்கு வழிவிடுகின்றது.